நான்காம் பிரிவில் ஆறுக்கு மூன்று

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவருக்கு மட்டக்கோல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. பன்னிரண்டு ஏக்கர் புல்லை இருபத்து மூன்று வருஷமாக ஒன்றரை அங்குல உயரத்தில் ஏறாமல் இறங்காமல் வைத்திருந்த மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வைத்தவர் கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். வேலை குறைவான இடத்தில் பெயர் வைப்பது ஒரு பொழுதுபோக்கு.

அது புல்வெளிக் கல்லறை. மேடை, சிலை, சுற்றுக் கம்பி எதுவும் கிடையாது. தலைமாட்டில் தட்டு அகலத்துக்கு ஒரு கல், அதுவும் தரையோடு தரையாக. பணக்காரர், ஏழை, நல்லவர், மாமியார் என்று பார்க்காமல் எல்லோர் மேலும் மெஷின் ஒரே மாதிரி ஏறி இறங்கும். வருகிறவர்கள் எல்லாம் மைதானம் மாதிரி இருக்கிறது என்று மெச்சிவிட்டுத் தங்கள் ஆளை எங்கே புதைத்தோம் என்று தேடுவார்கள்.

மெஷின் ஏறாத இடம் ஒன்றே ஒன்று. நான்காம் பிரிவின் கடைசியில், மோட்டார் அறைக்குப் பின்னால், மதிலை ஒட்டி ஆறடிக்கு மூன்றடி. நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்திருந்தது, அடித்தவர் மட்டக்கோல்தான். குச்சிக்கு வெளியே புல் ஒன்றரை அங்குலம். உள்ளே புதர். முன்பு ஒரு மேனேஜர் இது என்ன கோலம் என்று கேட்டபோது, "குடும்பத்துக்காரங்க விருப்பம் சார்" என்று பதில் சொன்னார். அதில் பொய் இல்லை. உள்ளே படுத்திருப்பவர் மட்டக்கோலின் சொந்த அண்ணன்.

அண்ணன் தலைமையாசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடம் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் தலைமையாசிரியர்தான். அடுத்தவர் பேச்சில் பிழை, உடுப்பில் பிழை, தட்டில் சோறு வைத்த விதத்தில் பிழை கண்டுபிடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர் ஓய்வு பெற்ற நாளில் விழா வைத்தார்கள். மட்டக்கோல் புதுச் சட்டை போட்டு, தன் கையால் கட்டிய பூங்கொத்தை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் அவரை மேடைக்கு அழைத்துத் தோளில் கை போட்டார். மட்டக்கோலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இவன் என் கூடப்பிறந்தவன். படிடான்னேன், படிக்கல. இப்போ கல்லறையில புல்லு வெட்டறான். பிள்ளைங்களா, நல்லாப் பாத்துக்கங்க" என்றார் அண்ணன், மைக்கில்.

நானூறு பிள்ளைகள் நல்லாப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். மட்டக்கோல் பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "புல்லு வெட்டறவன்னு சொன்னாரில்ல? எல்லாருக்கும் வெட்டுவேன். அவருக்கு மட்டும் ஒரு புல்லுகூட வெட்ட மாட்டேன். இனி பேச்சும் கிடையாது."

அப்போது அண்ணன் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். அவருக்கு வெட்ட ஒரு புல்லும் இல்லை. எட்டு மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அலுவலகத்தில் வரிசைப்படி இடம் ஒதுக்கினார்கள். வரிசை நான்காம் பிரிவில் ஓடிக்கொண்டிருந்தது.

மட்டக்கோல் சொன்ன சொல் மாறவில்லை. செத்தவரிடம் என்ன வீம்பு என்று மனைவி கேட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை, பார்வையும் இல்லை. மெஷின் அந்த இடத்துக்கு வரும்போது மட்டக்கோல் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொள்வார். சக்கரம் முளைக்குச்சியில் இடிக்கும் சத்தத்தை வைத்தே சுற்றி வந்துவிடுவார். எதிரே வரும் சொந்தக்காரரைப் பார்த்ததும் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி நிற்போமே, அதேதான்.

இதுவரை சொன்னதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. வருத்தம் அண்ணி விஷயத்தில்.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது இவருக்குப் பதினான்கு வயது. அண்ணன் பிரம்பை எடுத்தால் நடுவில் வந்து நிற்பவர் அண்ணி. பத்தாவதில் தோற்ற அன்று, சாப்பாடு கிடையாது என்று அண்ணன் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டியவரும் அவர்தான். இப்போது மூன்று மணி நேர பஸ் தூரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதா மாதம் போன் செய்வார். எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்பார்:

"அண்ணன் இடம் எப்படியிருக்கு தம்பி?"

"கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன் அண்ணி. நீங்க கவலையே படாதீங்க. கால் வலியோட இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்."

"சரி தம்பி."

போனை வைத்த பிறகு கால் மணி நேரம் மட்டக்கோலால் எதுவும் சாப்பிட முடியாது. அண்ணனுக்குச் செய்தது நியாயம் என்றே நினைத்தார். அண்ணியிடம் சொன்னது பொய் என்பதும் அவருக்குத் தெரியும். அண்ணி ஒரு நாள் வந்து அந்தப் புதரைப் பார்த்து முகம் வாடினால் தாங்க முடியாது. உலகத்தில் அவர் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். மற்றபடி கல்லறையில் வேலை பார்ப்பவருக்கு என்ன பயம் இருக்க முடியும்?

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பூங்கா, சாலையோரம், கல்லறை எல்லா இடத்திலும் தாவர வகைகளை அதிகப்படுத்த வேண்டும். ஒரே புல்லாக வைத்திருப்பது மண்ணுக்கும் பூச்சிக்கும் நல்லதல்ல. எத்தனை வகை இருக்கிறது என்று முதலில் எண்ணி அனுப்பவும். புதிதாக வந்திருந்த மேனேஜர் கடிதத்தை மூன்று முறை படித்தார். குளிர்சாதன அறையை விட்டு வெளியே வந்தால் தும்மல் வருகிற மனிதர் அவர். மட்டக்கோலைக் கூப்பிட்டார்.

"நம்மகிட்ட எத்தனை வகை இருக்கு?"

"ஒண்ணு சார். புல்லு."

"மரமெல்லாம்?"

"எல்லாம் ஒரே மரம்தான் சார். வரிசையா வச்சது."

மேனேஜர் இரண்டு என்று எழுதினார். எழுதியது கண்ணுக்கு மெலிவாகத் தெரிந்தது. சற்று யோசித்துவிட்டு, "ஜனங்க கொண்டுவந்து வைக்கிற பிளாஸ்டிக் பூவைக் கணக்குல சேக்கலாமா? அதுல நிறைய வகை இருக்கே" என்று கேட்டார்.

"கேட்டுப் பாக்கலாம் சார்" என்றார் மட்டக்கோல். மேலதிகாரி கேட்கிற கேள்விக்கு இல்லை என்று சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

நகராட்சி பிளாஸ்டிக்கை ஏற்கவில்லை. எண்ணுவதற்கு ஓர் ஆளையே அனுப்பிவிட்டது. முப்பது வயதுப் பெண். தோளில் பை, கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சட்டம். வாட்ச்மேன் அன்றைக்கே அவருக்குச் செடி மேடம் என்று பெயர் சூட்டிவிட்டார். செடி மேடம் சட்டத்தைப் புல் மேல் போடுவார், மண்டியிட்டு எண்ணுவார், எழுதுவார், எடுத்து வேறிடத்தில் போடுவார். முதல் பிரிவில் மூன்று வகை. இரண்டாம் பிரிவில் மூன்று. மூன்றாம் பிரிவில் இரண்டு. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அவர் மட்டக்கோலைப் பார்த்த பார்வை, சமையல் பிடிக்காத விருந்தாளி வீட்டுக்காரியைப் பார்ப்பது போல இருந்தது.

நான்காம் பிரிவுக்குப் போனவர் ஒன்றரை மணி நேரமாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் மோட்டார் அறைக்குப் பின்னால் தரையில் குப்புறப் படுத்திருந்தார். அந்த இடத்தில் படுத்திருப்பவர்கள் பொதுவாக எழுந்திருப்பதில்லை, மட்டக்கோல் பதறிவிட்டார். செடி மேடம் எழுந்து உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"முப்பத்தொண்ணு!" என்றார். "தும்பை, துத்தி, புளியாரை, கீழாநெல்லி, மூக்கிரட்டை, நெருஞ்சி, அம்மான் பச்சரிசி... பன்னெண்டு ஏக்கர்ல இல்லாதது இந்த ஆறுக்கு மூணுல இருக்கு. யாருங்க இதைப் பராமரிக்கிறது?"

மட்டக்கோல் மதிலைப் பார்த்தபடி, "யாரும் இல்லைங்க" என்றார்.

சேதி கேட்ட மேனேஜர் தும்மலைப் பொருட்படுத்தாமல் வெயிலில் வந்து நின்றார். பார்த்ததும் அவருக்கு அந்த இடத்தைத் தானே வளர்த்த மாதிரி ஒரு பெருமை வந்துவிட்டது. மாதிரிப் பாத்தி என்று அறிவிக்கலாம், பலகை வைக்கலாம், இதிலிருந்து விதை எடுத்து மற்றப் பிரிவுகளில் ஒரு மூலையில் தூவலாம் என்று செடி மேடம் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஆனால் கல்லறையில் எதைச் செய்யவும் குடும்பத்தார் கையெழுத்து வேண்டும். மேனேஜர் பதிவேட்டைப் பிரித்து எண்ணைத் தேடி எடுத்து, மட்டக்கோல் பக்கத்தில் நிற்கும்போதே போன் செய்தார்.

"வணக்கம்மா. கல்லறைத் தோட்டத்திலேர்ந்து பேசறேன். பயப்படாதீங்க, புதுசா எதுவும் நடக்கல. உங்க வீட்டுக்காரர் இடத்துல முப்பத்தொரு வகை செடி முளைச்சிருக்கு. ஆமாம்மா, இங்கேயே அதுதான் ஒசத்தி. நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போடணும். வியாழக்கிழமை பத்து மணிக்கா? ரொம்ப சந்தோஷம்."

மட்டக்கோல் மனதுக்குள் கணக்குப் போட்டார். கண்ணாடி மாதிரி என்று வாய் கூசாமல் சொன்னது நூறு தடவையாவது இருக்கும். இப்போது முப்பத்தொன்று என்று எண்ணிச் சொல்லிவிட்டார் இந்த மனுஷன். ஒன்று இரண்டு என்றால் நேற்றுதான் முளைத்தது என்று சமாளிக்கலாம்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே மட்டக்கோல் மெஷினைத் தள்ளிக்கொண்டு நான்காம் பிரிவுக்குப் போனார். வேலை போனாலும் போகட்டும், மேனேஜர் குதித்தாலும் குதிக்கட்டும். அண்ணி வரும்போது அந்த இடம் ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். சொன்ன சொல்லை மீறுகிறோம் என்ற உறுத்தல் இருந்தது. அண்ணனுக்காக வெட்டவில்லை, அண்ணிக்காகத்தான் வெட்டுகிறேன் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டு, முளைக்குச்சிகளைப் பிடுங்கக் குனிந்தார்.

"நிறுத்துங்க!"

மோட்டார் அறை நிழலிலிருந்து செடி மேடம் ஓடி வந்தார். கையில் பிளாஸ்க் மூடியில் தேநீர். பாதி கீழே கொட்டிவிட்டது. பனி காயும் முன் பார்க்க வேண்டிய செடிகள் இருப்பதால் ஆறு மணிக்கே வந்துவிட்டாராம். மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"என்ன வேலை பண்ணப் பாத்தீங்க? மெஷின் இதுமேல ஏறவே கூடாது."

"ஒம்போது வருஷமா வெட்டாம கெடக்கு மேடம். குடும்பத்துக்காரங்க வர்றாங்க. பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"ஒம்போது வருஷமா வெட்டலையா? யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். இந்த இடத்துல கை வைக்காத ஆளே நான்தான்."

செடி மேடம் அவரை உட்காரச் சொன்னார். வேறு வழியில்லாமல் மட்டக்கோல் உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தைக் கிட்டத்தில் பார்த்தார். செடி மேடம் இலைகளை விலக்கி, தரையோடு இருந்த ஒரு கட்டையைக் காட்டினார். உள்ளங்கை அளவில், முடிச்சு முடிச்சாக இருந்தது.

"இது எருக்கு. சும்மா விட்டிருந்தா இந்நேரம் உங்க தலைக்கு மேல நிக்கணும். இதோ கருவேலம், இதுவும் அப்படித்தான். வெட்டின தழும்பை எண்ணிப் பாருங்க. எட்டு. யாரோ வருஷத்துக்கு ஒரு தடவை, விதை உதிர்ந்த பிறகு, கையால வெட்டியிருக்காங்க. வெட்டினதை இங்க போடாம அள்ளிட்டும் போயிருக்காங்க. அதனாலதான் மண்ணு கொழுக்கல. ஒரே செடி ஏறி அமுக்கல. இத்தனை வகைக்கும் இடம் கெடைச்சிருக்கு. வெட்டாம விட்டிருந்தா வெறும் முள்ளுக்காடு. உங்களை மாதிரி வாராவாரம் வெட்டியிருந்தா வெறும் புல்லு."

மட்டக்கோல் தழும்புகளை எண்ணினார். ஒன்று, இரண்டு என்று விரலை வைத்து எண்ணினார். எட்டுதான். எழுந்து நேரே கேட்டுக்குப் போனார். வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நாலாம் பிரிவு மூலைக்கு யாராவது வருவாங்களா?"

"ஒரு அம்மா வருவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமையாப் பாத்து. உங்களுக்கு லீவு நாள். கையில அருவாமனை, ஒரு சாக்குப்பை. பொழுதுக்கும் உக்காந்து அறுத்து, சாக்குல அடைச்சுத் தூக்கிட்டுப் போவாங்க."

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"ஆடு வளக்கிறாங்கன்னு நெனச்சேன். பாவம், உங்ககிட்ட சொன்னா விரட்டிடுவீங்க. உங்களுக்குத்தான் புல்லு விஷயத்துல கோவம் வருமே."

எட்டு வருஷம். மூன்று மணி நேர பஸ், மடியில் துணி சுற்றிய அரிவாள்மனை, வலிக்கிற கால். அந்தச் சாக்கை முதுகில் தூக்கி எந்தக் குப்பைத்தொட்டியில் கொட்டினாரோ. அதன் பிறகும் அடுத்த மாதம் போனில், "அண்ணன் இடம் எப்படியிருக்கு தம்பி?" கண்ணாடி மாதிரி அண்ணி. சரி தம்பி. மட்டக்கோலுக்கு அங்கேயே, கேட்டுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதற்கு இடம் காலியாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு அண்ணி வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் சாக்குப்பை. மேனேஜர் நான்காம் பிரிவு மூலையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தாவர வகைகளின் பெருமையை விளக்கினார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். செடி மேடம், இது தொடர்ந்து நன்றாக இருக்க வேண்டுமானால் வருஷம் ஒரு முறை கையால் வெட்ட வேண்டும், அதுவும் இந்த வாரமே வெட்ட வேண்டும் என்றார். பிறகு அவரும் மேனேஜரும் பாதையோரம் பலகை வைக்கும் இடத்தை அளக்கப் போனார்கள்.

மட்டக்கோல் அண்ணி முன்னால் நின்றார். கண்ணாடி என்ற சொல் வாய்வரை வந்து திரும்பிப்போனது.

"தெரிஞ்சும் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல? என்னைத் திட்டியிருக்கலாமே?"

"திட்டியிருந்தா அன்னிக்கே வெட்டியிருப்பீங்க" என்றார் அண்ணி. "எனக்குப் பயந்து வெட்டியிருப்பீங்க. அது எனக்கு எதுக்கு? அன்னிக்கு மேடையில அவர் பேசினது தப்பு. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். ஒத்துக்கல. அவருக்கும் உங்களுக்கும் வந்த சண்டை, அதை நீங்க ரெண்டு பேரும்தான் முடிக்கணும். நீங்களா ஒரு நாள் வெட்டுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு வருஷமும் வந்து பாப்பேன். வெட்டியிருக்க மாட்டீங்க. அப்படியே விட்டுட்டுப் போக மனசு வராது, முள்ளுல கெடக்கறாரேன்னு. நானே வெட்டிட்டுப் போயிடுவேன்."

சாக்குப்பையிலிருந்து துணியைப் பிரித்து ஓர் அரிவாளை எடுத்தார். அரிவாள்மனை இல்லை, புதிதாக வாங்கிய கதிர் அரிவாள்.

"இந்த வருஷம் குனிய முடியல தம்பி. முட்டி போயிடுச்சு. அதனாலதான் கேக்கறேன். இல்லேன்னா இன்னும் கொஞ்ச வருஷம் பாத்திருப்பேன்."

மட்டக்கோல் அரிவாளை வாங்கிக்கொண்டு மண்டியிட்டார். பன்னிரண்டு ஏக்கரை மெஷினில் வெட்டியவருக்குக் கையால் வெட்டும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கால்மாட்டிலிருந்து தொடங்கினார். கண் தளும்பித் தளும்பி எது தும்பை எது துத்தி என்று தெரியவில்லை. அளந்துவிட்டுத் திரும்பிய மேனேஜர் இதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், நகராட்சிப் படிவத்தில் 'பணியாளர் ஈடுபாடு' என்ற கட்டத்தில் 'மிக அதிகம்' என்று எழுதிக்கொண்டு அறைக்குப் போனார்.

தலைமாட்டுக் கல்லுக்கு அருகில் வந்தபோது நெருஞ்சி முள் ஒன்று கட்டைவிரலில் நகக்கண் வரை ஏறியது.

"சும்மா இருண்ணே!" என்று கத்திவிட்டார் மட்டக்கோல்.

கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. அரிவாள் நின்றுவிட்டது. அண்ணி நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்தார்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் அண்ணி.

மட்டக்கோல் விரலை வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சித் துப்பினார்.

"ஓரத்துல சரியா வெட்டலையாம்" என்றார்.

"சொல்வார்" என்றார் அண்ணி.

மட்டக்கோல் நகர்ந்து உட்கார்ந்து ஓரத்தைச் சரியாக வெட்டினார்.